ஏட்டுச் சுரைக்காய் அணி: ஒரு பேஸ்பால் ரசிகரின் நம்பிக்கைக் கணக்கு

சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2017-ல் 95 ஆட்டங்களில் தோற்றது. 2018-ல் சரியாக 100. 2019-ல் 89. அந்த மூன்று வருஷமும் அந்த அணியின் ரசிகர்களில் நிறைய பேர் உற்சாகமாக இருந்தார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. அவர்கள் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல நம்ம டீம் இப்படித்தான் இருக்கும்" என்று எழுதிவைத்த வீரர் பட்டியல் அது.

2024-ல் அதே அணி 162 ஆட்டங்களில் 121-ல் தோற்றது. 1900-க்குப் பிந்தைய மேஜர் லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் இத்தனை தோல்வி கண்ட அணி வேறு கிடையாது.

அந்த நம்பிக்கைக்கும் இந்த 121-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப்போகிறேன். பேஸ்பால் பக்கம் நான் போனது ஆட்டத்துக்காக இல்லை, எண்களுக்காக. இந்த அளவுக்குக் கணக்கு எழுதிவைக்கப்பட்ட விளையாட்டு வேறு ஒன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே ரசிகரின் நம்பிக்கையையும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன். அது முட்டாள்தனமான நம்பிக்கை இல்லை என்பது என் கட்சி. ஆனால் கணக்கில் மூன்று இடத்தில் ஓட்டை இருந்தது.

தோற்பதில் என்ன லாபம்?

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசியில் வரும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இங்கே அந்தப் பயம் இல்லை. எவ்வளவு தோற்றாலும் அடுத்த வருஷம் அதே லீக்கில்தான். அதோடு தோற்பவருக்கு ஒரு பரிசும் உண்டு. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். 2023 டிராஃப்டுக்கு முன்புவரை, அதிகம் தோற்ற அணிக்கே முதல் இடம். இப்போது குலுக்கல் வைத்து அதைக் கொஞ்சம் கலைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் சம்பளம். மேஜர் லீக்குக்கு வரும் இளம் வீரர் சுமார் ஆறு வருட ஆட்டக்காலத்துக்கு அதே அணியின் பிடியில் இருப்பார். அதில் முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்தில்தான் வாங்குவார். 2024-ல் அது 7,40,000 டாலர். பிடி விலகிய நட்சத்திரம் வருஷத்துக்கு 3 கோடி டாலருக்கு மேலும் கேட்பார். அப்படியென்றால் நன்றாக ஆடும் 23 வயதுப் பையன் என்பது சந்தையிலேயே மலிவான பொருள்.

இந்த இரண்டையும் சேர்த்தால் வருவதுதான் 'ரீபில்ட்'. இருக்கிற நட்சத்திரங்களை விற்று, பதிலுக்கு இன்னும் மேஜர் லீக் பார்க்காத பையன்களை வாங்குவது. சில வருஷம் தோற்பது. தோற்றதற்குக் கிடைக்கும் டிராஃப்ட் இடத்தில் இன்னும் பையன்களை எடுப்பது. இவர்கள் வளரும் கீழ்நிலை அணிகளின் அடுக்குக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயரே 'பண்ணை'. அவர்கள் சொல்வது பண்ணை, நமக்குப் புரிவது நாற்றங்கால்.

டிசம்பர் 2016

ஒயிட் சாக்ஸ் 2005-ல் கோப்பையை வென்ற அணி. பிறகு மெல்லத் தேய்ந்து 2016-ல் 78 வெற்றி, 84 தோல்வி என்று நடுவாந்தரத்தில் நின்றது. கையில் கிறிஸ் சேல் என்ற அபாரமான இடதுகை பிட்சர் இருந்தார். பிட்சர் என்றால் நம்மூர் பௌலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 6 அன்று சேலை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு யோவான் மொன்காடா, மைக்கேல் கோப்பெக், கூட இரண்டு பேரை வாங்கினார்கள். மறுநாளே ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகஸ் ஜியோலிட்டோ உட்பட மூன்று இளம் பிட்சர்களை வாங்கினார்கள். 2017 மே மாதம் கியூபாவிலிருந்து வந்த லூயிஸ் ராபர்ட்டை 2.6 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். ஜூலையில் ஹோசே கின்டானாவை அதே ஊரின் இன்னொரு அணியான கப்ஸுக்கு அனுப்பி ஈலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் இருவரையும் வேறு இருவரையும் வாங்கினார்கள். ஏற்கனவே அணியில் டிம் ஆண்டர்சன், ஹோசே அப்ரேயு இருந்தார்கள்.

காகிதத்தை இப்போது நீங்களே எழுதிப் பாருங்கள். ஆடுகிறவர்கள் பக்கம் மொன்காடா, ராபர்ட், ஹிமெனெஸ், ஆண்டர்சன், அப்ரேயு. எறிகிறவர்கள் பக்கம் ஜியோலிட்டோ, கோப்பெக், சீஸ். ரசிகருக்கு நாக்கில் எச்சில் ஊறாதா?

முதல் ஓட்டை: எல்லாருமே உச்சத்தில்

இளம் வீரரைப் பற்றிப் பேசும்போது 'சீலிங்' என்ற சொல் அடிக்கடி வரும். எல்லாம் கூடிவந்தால் அவர் எட்டக்கூடிய உயரம். காகிதத்தில் பட்டியல் எழுதும் ரசிகர் ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்த உயரத்தை எழுதுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. எட்டையும் கூட்டும்போதுதான் பிரச்சினை.

ஒரு விளையாட்டுக் கணக்கு போடுவோம். எட்டுப் பையன்கள். ஒவ்வொருவரும் நினைத்தபடி வளர்வதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுப்போம். நாணயம் சுண்டுவது போலத்தான். எட்டுப் பேரும் தேறுவதற்கான வாய்ப்பு 256-ல் ஒன்று. ஆறு பேராவது தேறுவதற்கு 256-ல் 37, அதாவது சுமார் 14 சதவீதம். சராசரியாக எதிர்பார்க்க வேண்டியது நாலே நாலு பேர். எட்டு நட்சத்திரம் என்று எழுதிய காகிதத்தின் நியாயமான மதிப்பு நாலு.

இதிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. எட்டு நாணயங்களும் தனித்தனியாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டேன். நிஜத்தில் எட்டுப் பேரும் ஒரே பயிற்சியாளர்கள், ஒரே மருத்துவக் குழு, ஒரே பண்ணையின் கீழ் இருக்கிறார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், எட்டு சர்வர் வாங்கி எட்டையும் ஒரே ப்ளக் பாயின்டில் செருகிய மாதிரி. மின்சாரம் போனால் எட்டும் ஒன்றாகப் போகும்.

இரண்டாம் ஓட்டை: ஒரே நாளில் வரவில்லை

"அப்படின்னா அந்தப் பையன்கள் எல்லாம் சொதப்பிட்டாங்க, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடமே இதுதான். அவர்கள் சொதப்பவில்லை!

மொன்காடா 2019-ல் .315 சராசரியில் ஆடினார். அது நல்ல நட்சத்திரத்தின் எண். அதே வருஷம் ஆண்டர்சன் .335 அடித்து அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார். ஹிமெனெஸ் அறிமுக வருஷத்திலேயே 31 ஹோம் ரன். 2018-ல் அடி வாங்கித் திணறிய ஜியோலிட்டோ, 2019-ல் ஆல்-ஸ்டார் ஆகி, 2020-ல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத 'நோ ஹிட்டர்' எறிந்தார். அப்ரேயு 2020-ல் லீகின் மிகச்சிறந்த வீரர். சீஸ் 2022-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ராபர்ட் 2023-ல் 38 ஹோம் ரன்.

வருஷங்களை மட்டும் திரும்பப் படியுங்கள்: 2019, 2020, 2022, 2023. மொன்காடா 2019-க்குப் பிறகு அந்த உயரத்தைத் தொடவே இல்லை. ஹிமெனெஸ் 2021 பருவம் தொடங்கும் முன்பே, எல்லைச் சுவரைத் தாண்டிப்போகும் பந்தைப் பிடிக்க எம்பி மார்புத் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அந்த வருஷம் ஆடியது 55 ஆட்டம். இடுப்புக் காயத்தால் ராபர்ட் அதே வருஷம் 68 ஆட்டம். கோப்பெக் 2018-ல் அறிமுகமான சில வாரங்களிலேயே முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போய் 2019 முழுவதையும் இழந்தார். ராபர்ட் 38 ஹோம் ரன் அடித்த 2023-ல் அணி 101 ஆட்டம் தோற்றது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஊர் முழுக்க வந்தது, ஆனால் ஆளுக்கொரு நாளில் வந்தது. ஆறு வருடக் கடிகாரம் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ரசிகரின் காகிதத்தில் வருஷத்துக்கென்று ஒரு நெடுவரிசையே இல்லை.

மூன்றாம் ஓட்டை: மீதிப் பதினெட்டுப் பேர்

மூன்றில் இதுதான் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

பேஸ்பால் கணக்கர்கள் 'வார்' என்ற அளவை வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு யாரோ ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துவதைவிட, இந்த வீரர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்பதுதான் அது. முழுக்க அப்படிப்பட்ட 'யாரோ ஒருவர்'களால் ஆன அணி ஒரு பருவத்தில் சுமார் 48 ஆட்டம் ஜெயிக்கும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அடிக்கோடு. சராசரி முழுநேர வீரர் 2 வெற்றி கூட்டுவார். நல்ல நட்சத்திரம் 5.

90 வெற்றி வேண்டும் என்றால் 48-க்கு மேல் 42 தேவை. நாலு நட்சத்திரம் இருந்தால் 20. மீதி 22 எங்கிருந்து வரும்? பெயர் தெரியாத இரண்டாம் பேஸ்காரர், நாலாவது ஐந்தாவது பிட்சர், காயம்பட்டவருக்குப் பதிலாக இறங்கும் ஆள் என்று ஒரு அணியின் 26 பேரில் மற்றவர்களிடமிருந்துதான் வர வேண்டும். நட்சத்திரங்கள் கூட்டும் வெற்றிகளைவிட அதிகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்களை எந்த ரசிகரும் காகிதத்தில் எழுதுவதில்லை. எழுதினால் அது நம்பிக்கைப் பட்டியலாக இருக்காது, மளிகைப் பட்டியலாகிவிடும்.

ஒயிட் சாக்ஸ் நிர்வாகமும் ரசிகரின் காகிதத்தையே நம்பியது போலத்தான் நடந்துகொண்டது. வலது அவுட்ஃபீல்டில் நிற்க ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். 2021 பருவத்துக்கு அங்கே கொண்டுவந்தது யாரை? 2016-ல் விற்ற அதே ஆடம் ஈட்டனை. ஜூலையிலேயே அவரை விடுவித்தார்கள். முதல் பேஸில் நிற்க வேண்டிய ஆண்ட்ரூ வானை அவுட்ஃபீல்டில் ஓடவிட்டார்கள். 2019 தொடக்கத்தில் மேனி மச்சாடோவுக்கு வலை வீசினார்கள். அவருடைய மைத்துனர் யாண்டர் அலோன்சோவையும் நண்பர் ஜான் ஜேயையும் அணிக்குக் கொண்டுவந்தார்கள். மச்சாடோவோ 30 கோடி டாலருக்கு சான் டியாகோ போய்விட்டார். மாப்பிள்ளை வேறிடத்தில் தாலி கட்டிக்கொள்ள, வந்த உறவுக்காரர்கள் மட்டும் வீட்டில் தங்கிவிட்ட கதை.

இவ்வளவுக்கும் 2021-ல் அணி 93 வெற்றியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. இரண்டாம் இடத்தில் வந்த கிளீவ்லாந்தைவிட 13 ஆட்டம் முன்னால். பிளே-ஆஃபின் தொடரில் ஹூஸ்டனிடம் 3-1 என்று தோற்றது. "ஆரம்பம்தான் இது" என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவே உச்சி. 2022-ல் 81-81, 2023-ல் 61-101, 2024-ல் 41-121. யாரோ ஒருவர்கள் ஆடினாலே 48 வரும் என்ற அடிக்கோட்டுக்கும் கீழே.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

அதே சிகாகோவின் வடபக்கத்தில் இருக்கும் கப்ஸ் 2012-ல் 101 ஆட்டம் தோற்று, 2016-ல் 108 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2013-ல் 111 தோற்று, 2017-ல் கோப்பை வாங்கியது. இந்த இரண்டு கதையும்தான் ரீபில்ட் என்ற சொல்லுக்கே மந்திர சக்தி கொடுத்தன. ஆஸ்ட்ரோஸ்தான் 2017 சாம்பியன் என்று 2014-லேயே ஒரு விளையாட்டுப் பத்திரிகை அட்டையில் போட்டது, பலித்தும்விட்டது. பலித்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். பலிக்காதவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஆகவே நம் கண்ணில் பலித்ததே படும்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஆஸ்ட்ரோஸின் நாணயங்களும் தலைகீழாகத்தான் விழுந்தன. 2012 முதல் 2014 வரை மூன்று வருஷமும் டிராஃப்டில் முதல் இடம் அவர்களுக்கே. முதல் பையன் கார்லோஸ் கொரேயா, நட்சத்திரமானார். இரண்டாவது மார்க் அப்பெல், ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. மூன்றாவது பிராடி எய்க்கன், ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. கையெழுத்தாகாததற்கு ஈடாக மறுவருஷம் கிடைத்த இரண்டாம் இடத்தில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தது அதிர்ஷ்டம். 2014 மார்ச்சில் ஜே.டி. மார்ட்டினெஸை வேண்டாம் என்று விட்டார்கள். டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது, அந்த வருஷமே .315 அடித்தார். இவ்வளவு தப்பியும் அணி ஜெயித்ததற்குக் காரணம், பண்ணையில் ஆள் நிறைய இருந்ததுதான். உயரம் போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டு, வெறும் 15,000 டாலருக்குச் சேர்ந்த ஹோசே அல்டுவே 2017-ல் லீகின் மிகச்சிறந்த வீரர் ஆனார். அந்தக் கோப்பைக்குக் கறையும் உண்டு: 2017-ல் எதிரணியின் சைகைகளை கேமரா வைத்துத் திருடியதை 2020-ல் லீக் உறுதிசெய்தது.

கப்ஸ் தன் பையன்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் ஜான் லெஸ்டர் என்ற பிட்சருக்கு 15.5 கோடி டாலர் எடுத்துவைத்தது. பால்டிமோரில் தேறாத ஜேக் அரியெட்டாவை வாங்கி 2015-ன் சை யங் விருதாளராக மாற்றியது. காகிதத்தின் வெற்றிடங்களைக் காசாலும் பயிற்சியாலும் நிரப்பினார்கள். ஒயிட் சாக்ஸோ 2022 டிசம்பர் வரை எந்த வீரருக்கும் 7.5 கோடி டாலரை எட்டும் ஒப்பந்தம் கொடுத்ததே இல்லை. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி அது.

அப்படியானால் நம்பிக்கை வைக்கக் கூடாதா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு ரசிகரால் 100 தோல்வியைக் கடக்க முடியாது. தோற்கும் வருஷங்களிலும் டிக்கெட் வாங்கி, டிவி முன் உட்கார்ந்து, இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர் அவர்தான். அவருடைய பொறுமைதான் ரீபில்டின் முதலீடு. பிசகினால் நிர்வாகிக்குப் போவது வேலை. ஒயிட் சாக்ஸ் நிர்வாகிகள் இருவரை 2023 ஆகஸ்டில் அனுப்பினார்கள். ரசிகருக்குப் போவது ஏழெட்டு வருஷம். அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஆகவே நம்பிக்கை வேண்டும், ஆனால் அதை வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும். பட்டியலில் எத்தனை பெரிய பெயர் என்று கேட்பதைவிட இந்த மூன்றையும் கேட்கலாம்: வெளியில் தேறாத யாராவது இந்த அணிக்கு வந்து தேறியிருக்கிறாரா? இவர்களில் எத்தனை பேர் ஒரே வருஷத்தில் தயாராக இருப்பார்கள்? அந்த வருஷம் வரும்போது முதலாளி பெட்டியைத் திறப்பாரா? பயிரை மட்டும் பார்க்காமல் மண்ணையும் பாருங்கள் என்பதுதான் சுருக்கம்.

2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் தன் சிறந்த இடதுகை பிட்சர் காரெட் க்ரோஷேவை விற்று நாலு பையன்களை வாங்கியது. வாங்கிய அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். எட்டு வருஷத்துக்கு முன் சேலை வாங்கிய அதே அணி, அதே டிசம்பர். 2025-ல் தோல்வி 102. ஆனால் ஜூலையில் அறிமுகமான கால்சன் மான்ட்கமரி என்ற பையன் மீதிப் பருவத்திலேயே 21 ஹோம் ரன் அடித்திருக்கிறார். அதே வருஷம் ரோமில் பதவியேற்ற போப் லியோவும் சிகாகோக்காரர்தான், ஒயிட் சாக்ஸ் ரசிகர். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தது டிவி பதிவில் இருக்கிறது.

சிகாகோவின் தென்பக்கத்தில் இப்போது யாரோ ஒருவர் புதுக் காகிதம் எடுத்து முதல் வரியில் மான்ட்கமரி என்று எழுதியிருப்பார். எழுதட்டும். பக்கத்திலேயே வருஷத்துக்கு ஒரு நெடுவரிசையும், கீழே பெயர் தெரியாத பதினெட்டுப் பேருக்கு இடமும் விட்டு எழுதினால் போதும்.